நாணல் படுகையில் தண்ணீர் தங்கிய நேரம்

இந்த நிகழ்ச்சிகள் தொடங்கியபோது நான் உதவிப் பொறியாளர் பதவியில் ஏழு ஆண்டுகளை முடித்திருந்தேன். நாசரேத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சென்னையில் பொறியியல் பயின்று, வகுப்பில் இரண்டாவதாகத் தேறியவன். அந்த ஏழு ஆண்டுகளில் நான் கையெழுத்திட்ட வரைபடம் ஒன்றுகூடத் திருத்தத்துக்காகத் திரும்பி வந்ததில்லை. என் மேசையிலிருந்து போகும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பது அலுவலகத்தில் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

இன்று பல ஊர்களில் கழிவுநீரை நாணல் படுகை வழியே விட்டுத் தெளிய வைக்கிறார்கள். அவற்றை அமைக்கும் இளம் பொறியாளர்கள் சிலர் என்னைத் தேடி வந்து, எழுபதுகளிலேயே தூத்துக்குடியில் அப்படி ஒன்று இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். இருந்தது. அதைக் கட்டியவன் நான். அதில் தண்ணீர் எப்படி நகர்ந்தது என்பதையும், எப்படி நகர்ந்ததாக நான் நம்பினேன் என்பதையும் எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

துறைமுகத்துக்குத் தெற்கே, மூன்று பக்கமும் உப்பளங்கள் சூழ்ந்த ஒரு மேட்டில் நாற்பது வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு கட்டப்பட்டது. வீடுகளின் கழிவுநீர் ஒரு தொட்டியில் சேர்ந்தது. அதை வெளியேற்ற வழி கிடையாது. எந்தப் பக்கம் விட்டாலும் யாராவது ஒருவருடைய உப்புப் பாத்தியிலோ உப்பளத்து ஓடையிலோ போய் விழும். ஆகவே வாரத்தில் மூன்று முறை டாங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போயிற்று. வராத வாரங்களில் தொட்டி வழிந்தது.

எங்கள் செயற்பொறியாளர் சபாபதி தாமிரபரணிக் கரையின் நெல்வயல் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். மெலிந்த தேகம், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பென்சில்கள். ஐரோப்பாவில் ஜல்லிப் படுகையில் நாணலை நட்டு அதன் வழியே கழிவுநீரைச் செலுத்திப் பார்க்கிறார்கள் என்ற செய்தியை ஏதோ ஓர் இதழில் படித்துவிட்டு என்னை அழைத்தார்.

"நாணலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா வே? கட்டிப் பாத்துருவோம். நீரு கணக்கைப் போடும்."

போட்டேன். முப்பது மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், அறுபது சென்டிமீட்டர் ஆழம். அடியில் குளத்துக் களிமண்ணை மிதித்துப் பூசி நீர் கசியாமல் செய்தோம். கயத்தாறுப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஜல்லி வந்தது. ஜல்லிக் கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் பத்தில் நான்கு பங்கு. அந்த இடைவெளியில் நிற்கக்கூடிய தண்ணீரை, ஒரு நாளில் வந்து சேரும் கழிவுநீரால் வகுத்தால் ஐந்து கிடைக்கும். அதாவது, ஒரு பக்கம் நுழையும் தண்ணீர் மறுபக்கம் வெளியேற ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளில் ஜல்லியின் மீதும் நாணல் வேர்களின் மீதும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். இந்த முறையின் உயிர் முழுவதும் அந்தத் தங்கும் நேரத்தில்தான் இருக்கிறது. ஐந்து நாள் தங்கினால் அது சுத்திகரிப்பு. ஐந்து மணி நேரத்தில் வெளியேறினால் அது நாணல் முளைத்த சாக்கடை.

வெளியேறும் வாயை, குளத்துக்கு மறுகால் வைப்பதுபோல், கடைசிச் சுவரின் மேல்விளிம்பில் அகன்ற வெட்டாக அமைத்தேன். படுகை நிறைந்து வழியும்போது தண்ணீர் தானாக வெளியேறும் என்பது என் எண்ணம். வரைபடம் திருத்தமின்றி ஒப்புதல் பெற்றது.

ஆற்றுக்கால்களிலிருந்து வேரோடு வெட்டி வந்த நாணல் நான்கு மாதத்தில் ஆள் உயரம் வளர்ந்தது. உப்பளத்தின் வெண்மைக்கு நடுவே அந்த ஒரு துண்டுப் பச்சையைப் பார்க்கச் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் உண்டு. அடுத்து, தங்கும் நேரத்தை நேரில் அளக்க வேண்டும்.

இங்கே சபாபதி அவர்கள் அறிக்கை படிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். எழுதியவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் ஜன்னலோரம் நின்று வாய்விட்டுப் படிப்பார். ஓர் எண் வந்ததும் நிறுத்துவார். "இது கணக்கா, அளவா?" என்பார். கணக்கு என்றால் அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். அளவு என்றால் பக்கத்தில் ஒரு சரிக்குறி. வேறு விமரிசனம் எதுவும் செய்யமாட்டார். வட்டங்கள் நிறைந்த அறிக்கையைத் திருப்பிக் கையில் வாங்குவது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே அளந்தேன். தண்ணீர் நுழையும் வாயில் உப்பைக் கரைத்து ஊற்றி, வெளியேறும் வாயில் எப்போது உப்பு கூடுகிறது என்று பார்ப்பது நல்ல முறை. மற்ற ஊர்களில் ஒரு கூடை உப்பு போதும். தூத்துக்குடியில் போதாது. குடியிருப்பின் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிப்பது; அதன் கழிவுநீரிலும் உப்பு உண்டு. அந்த உப்பையும் மீறி என் உப்பு தெரிய வேண்டுமானால் அது மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து அளத்தில் உப்பு விளையும் தறுவாயில் இருந்த பாத்தித் தண்ணீரை இரண்டு பீப்பாய் நிறைய வாங்கி, ஒரு காலையில் நுழைவாயில் கவிழ்த்தேன்.

எட்டு நாட்கள், காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் வெளிவாயில் மாதிரி எடுத்தேன். ஒவ்வொன்றிலும் நூறு மில்லி அளந்து, பொட்டாசியம் குரோமேட்டுச் சில துளி விட்டால் மஞ்சளாகும். பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைத் துளித் துளியாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் மாறி, செங்கல் நிறத்தின் சாயல் கலையாமல் நிற்கும் துளியில் கையை நிறுத்த வேண்டும். உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெள்ளி நைட்ரேட்டு செலவாகும். இதை எவரிடமும் ஒப்படைக்காமல் நானே செய்தேன்.

முதல் நாள் நண்பகலில் ஒரு சிறு ஏற்றம் தெரிந்தது. கிணற்று உப்பின் ஏற்ற இறக்கம் என்று அதை ஒதுக்கினேன். பிறகு மூன்று நாள் அசைவில்லை. நான்காம் நாள் மாலை உப்பு கூடத் தொடங்கி, ஐந்தாம் நாள் உச்சத்துக்குப் போய், பின்பு இறங்கிற்று. என் கணக்கும் ஐந்து, அளவும் ஐந்து. வாழ்க்கையில் அவ்வளவு அழகான வளைகோட்டை நான் அதற்குமுன் வரைந்ததில்லை.

"தங்கும் நேரம் ஐந்து நாள்" என்று படித்துவிட்டு சபாபதி அவர்கள் நிறுத்தினார்.

"கணக்கா, அளவா?"

"அளவு, சார்."

சரிக்குறி போட்டுக் கையெழுத்திட்டார். அறிக்கை சென்னைக்குப் போயிற்று. ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்தது. படுகையின் தண்ணீரை அளத்து ஓடையில் விடலாம். அதுவரை படுகை நீரை எடுத்துப் போன டாங்கர் லாரி இனித் தேவையில்லை.

அந்த ஓடை உப்பளத் தொழிலாளர் குடிசைகளை ஒட்டிப் போவது. பொழுதெல்லாம் கரிப்புத் தண்ணீரில் நிற்பவர்களின் கால் வெடித்திருக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் எரியும். அங்கே நல்ல தண்ணீர் என்பது குடத்தில் சுமந்து வருவது மட்டுமே. குடியிருப்பிலிருந்து சுத்தம் செய்த தண்ணீர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவர்கள் ஓடைக்கரையில் கல் போட்டுப் படி கட்டினார்கள். அதை நான் மகிழ்ச்சியோடு பார்த்தேன்.

மூன்று வாரம் சென்றபின் ஒரு பெண்மணி குடியிருப்பு வாசலில் என்னை நிறுத்தினாள். பேச்சியம்மாள் என்று பெயர். பக்கத்து அளத்தில் மடை பார்ப்பவள். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது அடைப்பது என்பது அவள் பொறுப்பு. எனக்குப் பாத்தித் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

"ஏய்யா, சுத்தமான தண்ணின்னு சொன்னிய. இந்தக் காலப் பாருங்க."

கணுக்காலுக்குக் கீழே வெடிப்புகள் சீழ் பிடித்திருந்தன.

"உப்புத் தண்ணீரால் வந்திருக்கும்" என்றேன்.

"உப்புத்தண்ணில நான் இருவது வருசமா நிக்கேன். உப்பு எரியும்யா, நாறாது. இது நாறுது. எங்க வளவுல ஒம்பது பேருக்கு இப்படிக் கெடக்கு."

ஐந்து நாள் தங்கிய தண்ணீர் அப்படிச் செய்ய வழியில்லை என்று விளக்கினேன். நானே உப்பு ஊற்றி அளந்ததையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அது நான் இறைச்சுக் குடுத்த தண்ணிதான? அத ஊத்துனா அது அடியில போயில்லா படுத்துக்கிடும். வாங்க, காட்டுதேன்."

முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. அவள் பாத்தி ஒன்றின் வரப்பில் என்னை உட்காரச் சொன்னாள். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். மேல்பகுதி குளிர்ந்திருந்தது. விரல் நுனி அடியைத் தொட்டபோது சுட்டது. நான்கு விரற்கடை ஆழத்துக்குள் இரண்டு தண்ணீர்.

"மேல உள்ளது நேத்துப் பெஞ்ச மழ. அடியில உள்ளது வெயில்ல காஞ்ச எங்க உப்புத்தண்ணி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. மழ பெஞ்சா நாங்க என்ன செய்யுதோம்? வரப்போட மேல்வாய மட்டும் லேசாக் கீறி விடுவோம். மழத்தண்ணி வடிஞ்சு போயிரும். எங்க தண்ணி அசையாமக் கெடக்கும். நீங்களும் அங்கன மேல்வாய்தான வச்சிருக்கிய?"

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். கனமான நீர் கீழே நிற்கும் என்பது கல்லூரியில் முதலாண்டில் படிப்பது. அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் என் படுகையோடு அதைச் சேர்த்து நான் நினைத்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. நான் ஊற்றிய பாத்தித் தண்ணீர் படுகையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, மேலே ஓடும் நீர் சிறிது சிறிதாகக் கரைத்து இழுக்க, ஐந்தாம் நாள் வெளிவந்திருக்கலாம். அப்படியானால் நான் அளந்தது உப்பின் பயணத்தை. கழிவுநீரின் பயணத்தை எவரும் அளக்கவில்லை.

சபாபதி அவர்களிடம் போய்ச் சொன்னேன். "ஐயம் எழுந்துள்ளது" என்றுதான் சொன்னேன்.

"உப்பு வேண்டாம்னா வேற எதை விடுவீரு?"

"சாயம், சார். கனம் சேர்க்காத சாயம்."

அவருக்கு உடனே ஒன்று நினைவுக்கு வந்தது. கடலில் விழுந்தவன் இருக்குமிடம் விமானத்துக்குத் தெரிவதற்காக உயிர்காப்பு மிதவைகளில் ஒரு சாயப் பொட்டலம் வைத்திருப்பார்கள். ஒரு சிட்டிகை பல குடம் நீரைப் பச்சையாக ஒளிர வைக்கும். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் பர்னாந்து அண்ணாச்சி ஒருவரின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலாவதியான பொட்டலங்கள் அங்கே இருந்தன.

"சார், இது கடல்ல விழுந்தவனத் தேடுததுக்குல்லா? ஆபீஸ்ல இது எதுக்கு? யாரு விழுந்தா?" என்றார் அண்ணாச்சி.

சபாபதி அவர்கள் முகம் மாறாமல் என்னைக் காட்டினார். "எங்க உதவிப் பொறியாளர்தான் விழுந்துட்டாரு. எங்க கெடக்காருன்னு பாக்கணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாயத்தைக் கழிவுநீரிலேயே கரைத்து நுழைவாயில் விட்டோம். சபாபதி அவர்கள் வெளிவாயின் அருகே ஒரு சிமெண்டுக் குழாயின்மீது குடையோடு உட்கார்ந்துகொண்டார். பேச்சியம்மாள் வரப்பில் நின்று வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படுகையைச் சுற்றி நடந்தேன். நுழைவாயருகே நாணலை விலக்கிப் பார்த்தபோது, தொட்டியிலிருந்து வந்த கசடு ஜல்லியின் இடைவெளிகளை அடைத்திருப்பது தெரிந்தது. உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலே தேங்கி, ஜல்லியின் மேற்பரப்பில் கையகலத்துக்கு ஒரு கோடாக, நாணல் தண்டுகளுக்கிடையே வளைந்து வளைந்து, மேல்வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடு பச்சையாக ஒளிர்ந்தது. இருபுறமும் இருந்த ஜல்லியில் பச்சை இல்லை. மூலைகளில் இல்லை. அடியில் இல்லை. முன்னூற்றறுபது சதுர மீட்டர் படுகையில் தண்ணீர் எடுத்துக்கொண்டது அந்தக் கையகலத்தை மட்டும்.

பதினொன்றரை மணிக்கு வெளிவாயில் பச்சை விழுந்தது.

"வந்துட்டுய்யா!" என்று பேச்சியம்மாள் வரப்பிலிருந்து கூவினாள். தான் சொன்னது மெய்யாயிற்று என்ற களிப்பு அந்தக் குரலில் இருந்தது. பிறகு, அந்தப் பச்சை அவர்கள் கட்டிய படியை நோக்கிப் போவதைப் பார்த்தாள்.

நான்கரை மணி நேரம்.

சபாபதி அவர்கள் குடையை மடித்தார். "உம்ம நோட்டைக் கொண்டாரும்" என்றார். பழைய உப்புச் சோதனையின் குறிப்பேட்டைக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டி, முதல் நாள் நண்பகலில் நான் ஒதுக்கிய அந்தச் சிறு ஏற்றத்தின்மீது விரலை வைத்தார். என் உப்பிலும் கொஞ்சம் மேல்வழியே போயிருக்கிறது. தண்ணீர் அன்றைக்கே எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பென்சிலையும் எடுக்கவில்லை.

"குளத்துக்கு மறுகால் வச்சீரு. மடை வைக்க மறந்துட்டீரு" என்றார் கடைசியில்.

அதைவிடச் சரியாக அந்தக் குறையை எவரும் சொல்ல முடியாது. மறுகால் மேல்நீரை மட்டும் கழிப்பது. மடைதான் அடியிலிருந்து நீரை இழுப்பது. பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்த வாக்கியத்திலிருந்து பிறந்தவை. நுழைவாயில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஜல்லியை அள்ளிவிட்டுப் பெருங்கற்களை நிரப்பினோம். கசடு அங்கே தங்கும், வாரி எடுக்கலாம். தண்ணீர் ஓரிடத்தில் விழாமல் படுகையின் அகலம் முழுவதும் பரவ, துளையிட்ட குழாய் ஒன்றைக் குறுக்கே பதித்தோம். மேல்வாயை அடைத்துவிட்டு, கடைசிச் சுவரின் அடியில் அகலம் முழுக்க இன்னொரு துளைக்குழாய் வைத்து, சுவருக்கு வெளியே அதை முழங்கைபோல் மேலே திருப்பினோம். தண்ணீர் அடியிலிருந்து கிளம்பும். ஆனால் படுகையின் மட்டம் குறையாது. அந்த முழங்கையைச் சாய்த்தால் மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். மறுபடி சாயம் விட்டோம். முதல் பச்சை நான்காம் நாள் தெரிந்தது. ஒரே தெறிப்பாக வராமல் மூன்று நாட்கள் மெலிந்து மெலிந்து வந்தது. தண்ணீரின் ஒரு பகுதி விரைந்தும் ஒரு பகுதி தாமதித்தும் போகும் என்பதையும், தங்கும் நேரம் என்பது ஒற்றை எண் அல்ல என்பதையும் அன்றைக்குத்தான் முழுமையாக உணர்ந்தேன். அந்த அறிக்கையில் வட்டம் எதுவும் விழவில்லை.

ஆனால் அவையெல்லாம் பின்னால் நடந்தவை. சாயம் வெளிவந்த அன்று, ஓடையில் கால் வைக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லும்படி சபாபதி அவர்கள் பேச்சியம்மாளிடம் கேட்டுக்கொண்டார்.

"சொல்லுதேன். சொன்னாக் கேப்பாவளா? வேற எங்கன போயிக் கழுவ?" என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பினார். ஓடையில் விடச் சொன்னது சென்னை உத்தரவு. லாரியை நிறுத்தியதும் அதே உத்தரவு. லாரி திரும்பி வராமல் வாயை அடைத்தால் தொட்டி வழிந்து அதே ஓடைக்குத்தான் போகும். லாரி வர வேண்டுமானால் முதல் அறிக்கை தவறு என்று இரண்டாவது அறிக்கை போக வேண்டும். அதை அளந்தவன்தான் எழுத வேண்டும்.

"எப்ப எழுதுவீரு?" என்றார்.

எழுதினேன். அறிக்கை போயிற்று. சென்னையிலிருந்து தந்தி வந்தது, மறுநாளே லாரி வந்தது, ஓடைக்குப் போகும் வாய் அடைக்கப்பட்டது. திருத்திய படுகை நான் அங்கிருந்து மாறிப்போகும்வரை ஒழுங்காக வேலை செய்தது. பேச்சியம்மாளின் கால் ஆறப் பல வாரங்கள் ஆயின. அவள் என்னை மறுபடி நிறுத்திப் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

அண்மையில் துறையின் ஓய்வுபெற்றோர் மலரில் ஒரு நண்பர் இந்தப் படுகையைப் பற்றி எழுதியிருக்கிறார். என்னிடம் அன்பு கொண்டவர்தான். ஆனால், சாயம் வெளிவந்த அன்று மாலையே என் அறிக்கையை நானே மறுத்து இரண்டாவது அறிக்கையை அனுப்பினேன் என்றும், தம் கையெழுத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று அஞ்சிய மேலதிகாரி அதைத் தாமதப்படுத்தப் பார்த்தார் என்றும், நான் அசையவில்லை என்றும் அவர் எழுதியிருப்பது சரியல்ல.

செயற்பொறியாளர் சபாபதி எதையும் தாமதப்படுத்தவில்லை. அறிக்கை என் மேசையை விட்டுப் போனது நான்காம் நாள் காலையில். அதற்கு முந்திய மூன்று நாளும், "தவறு" என்ற சொல் வராமல் அதை எழுத முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் பிற்பகலில் வேலை விட்டு வந்தவர்கள் அந்த ஓடையில்தான் கால் கழுவினார்கள்.